காட்டுக்குத் தீ வைத்துக் காட்டைக் காப்பதா? பழங்குடிகளின் தீ அறிவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்டுத்தீச் செய்தி பெரிதாக வரும் ஒவ்வொரு கோடையிலும் யாராவது ஒருவர் "பழங்குடிகள் காலங்காலமாக எரித்துத்தானே காட்டைக் காப்பாற்றினார்கள்" என்பார். உடனே இன்னொருவர் "எரித்தால் எப்படிக் காப்பாற்றுவது, என்ன பேச்சு இது" என்று பாய்வார். இரண்டு பேரிடமும் பாதி உண்மை இருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை ஒரே இடத்தில் சேர்த்து, எனக்குத் தெரிந்த வரைக்கும் பதில் எழுதியிருக்கிறேன்.

காட்டை எரித்தால் அது அழிந்துதானே போகும்?

எந்தக் காடு என்று கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆண்டில் பாதி நாள் மழையே இல்லாமல் புல்லும் சருகும் காய்ந்து கிடக்கும் இடங்கள் உலகத்தில் ஏராளம்: சவானாப் புல்வெளி, வறண்ட இலையுதிர் காடு, பைன் காடு, யூகலிப்டஸ் காடு. இங்கெல்லாம் மனிதன் வருவதற்கு முன்பே மின்னல் தீ வைத்துக்கொண்டிருந்தது. அதனால் அங்குள்ள மரங்கள் தீயோடு குடித்தனம் நடத்திப் பழகியவை. ஒன்றுக்குத் தடித்த பட்டை, இன்னொன்றுக்குக் கருகிய பிறகும் அடிமரத்திலிருந்து துளிர்க்கும் குணம். கலிஃபோர்னியாவின் ராட்சத செக்குவோயா மரத்தின் கூம்புகள் பல ஆண்டுகள் பச்சையாகவே மரத்தில் தொங்கும். கீழிருந்து எழும் சூட்டில் உலர்ந்தால் கூட்டமாக விரிந்து விதையைக் கொட்டும், அந்த விதைக்கும் சருகு எரிந்து வெறுமையான மண் வேண்டும். தீயை முழுசாக அணைத்து அணைத்துக் காத்ததில் புதுக் கன்றுகளே அரிதாகிப் போனதைப் பார்த்த பிறகுதான், 1968இல் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை தன் கொள்கையை மாற்றிக்கொண்டது.

மழைக்காடு வேறு கதை. அமேசான் மரங்களுக்குப் பட்டை மெல்லியது, ஒரு சின்னத் தரைத்தீ போதும், சில மாதங்களில் பெரிய மரங்கள் சாகத் தொடங்கும், மேலே கூரை திறந்து வெயில் இறங்கும், தரை காயும், அடுத்த தீக்கு வழி தயார். "தீ நல்லது" என்று பொதுவாகச் சொல்பவரை அதனால்தான் நம்பாதீர்கள். "தீ கெட்டது" என்று பொதுவாகச் சொல்பவரையும்தான்.

"இளந்தீ" என்கிறார்களே, அது என்ன?

ஆஸ்திரேலியப் பழங்குடிகள் இப்போது வெளியாரிடம் பேசும்போது "குளிர்ந்த தீ" என்று சொல்வதைத்தான் நான் இளந்தீ என்கிறேன். சமையலில் நாம் சொல்கிற அதே அர்த்தம்தான்.

வடக்கு ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்வோம். மழை நின்று சில வாரங்கள் ஆகியிருக்கும், மேட்டில் இருக்கும் புல் காய்ந்துவிட்டது, பள்ளத்தில் இன்னும் பச்சை. இந்த நேரத்தில் வைக்கும் தீ முழங்கால் உயரத்துக்கு மேல் எழும்பாது, காய்ந்ததைத் தின்றுகொண்டே போய்ப் பச்சையைத் தொட்டதும் தானாகச் சுருங்கும், இரவில் பனி இறங்கினால் அணைந்துவிடும். பக்கத்திலேயே ஆள் நடந்து போகலாம். பூச்சிகள் அடிமரத்தில் ஏறித் தப்பிக்கும், பல்லியும் எலியும் வளைக்குள் போகும், மண் கொஞ்சம் ஆழத்திலேயே சூடு படாமல் இருக்கும், மேலே இலைக்கூரை வாடாது. இந்த இலைக்கூரை விஷயத்தில் மூத்தவர்கள் ரொம்பக் கறாராக இருப்பார்கள், ஏனென்றால் பூவும் காயும் நிழலும் அங்கேதான். எரிந்து முடித்தபின் பார்த்தால் கறுப்பும் பச்சையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாக நிலம் கிடக்கும். அந்தத் திட்டுகள்தான் விஷயமே. நாலைந்து மாதம் கழித்து, காற்றும் வெயிலும் உச்சத்தில் இருக்கும்போது மின்னலோ ஒரு சிகரெட் துண்டோ தீயை மூட்டினால், ஏற்கெனவே எரிந்த திட்டு அதற்குச் சுவராக நிற்கும்.

அதே நிலத்தை யாரும் தொடாமல் விட்டால்? புல் மேல் புல், சருகு மேல் சருகு. கடைசியில் வரும் தீ மரத்தின் உச்சியைப் பிடித்து ஓடும். உச்சித்தீயாக மாறிவிட்டால் ஹெலிகாப்டர் வந்தும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, காற்று மாறும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

காட்டுத்தீயைத் தடுக்கத்தான் எரித்தார்களா?

இப்படிக் கேட்பது நம் காலத்துக் கவலையிலிருந்து வருகிற கேள்வி. எரித்தவர்களுக்கு அன்றாடக் காரணங்கள் பல இருந்தன, பெருந்தீ குறைந்தது அவற்றோடு சேர்ந்து வந்த பலன்.

வட கலிஃபோர்னியாவின் கரூக், யூரோக் மக்களைப் பாருங்கள். கூடை பின்னக் கோணல் இல்லாத, கிளைக்காத, நேரான ஹேசல் குச்சி வேண்டும். புதரை எரித்தால்தான் அடுத்தடுத்த பருவங்களில் அப்படிப்பட்ட தளிர் வரும். ஓக் கொட்டை அவர்களுடைய முக்கிய உணவு. முதலில் உதிர்வது பெரும்பாலும் புழு விழுந்த கொட்டை, மரத்தடியை எரித்தால் அந்தப் புழு ஒழியும், நல்ல கொட்டை விழும்போது பொறுக்கவும் எளிது. மான் மேயப் புதுப்புல், நடக்கப் பாதை, எல்லாம் அதே தீயில்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது புகை விஷயம். கோடையில் கிளாமத் ஆற்று நீர் சூடாகி சால்மன் மீனுக்கு ஆபத்தாகும். புகை பள்ளத்தாக்கில் தங்கினால் ஆறு குளிரும் என்று கரூக் மக்கள் சொல்லிவந்தார்கள். 2018இல் வெளியான ஆய்வு ஒன்று அந்தப் பகுதியின் புகையையும் நீரின் வெப்பத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, புகை வெயிலை மறைப்பதால் நீர் உண்மையிலேயே குளிர்கிறது என்று காட்டியது. மீனுக்காகக் காட்டில் புகை போடுவது என்று யாராவது சொல்லியிருந்தால் முதலில் நானும் சிரித்திருப்பேன்.

மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தின் மார்ட்டு மக்களிடம் காரணம் இன்னும் நேரடியானது: உடும்பு. குளிர்காலத்தில், பெரும்பாலும் பெண்கள், ஸ்பினிஃபெக்ஸ் புல்லை எரித்து வளைகளைக் கண்டுபிடித்துத் தோண்டுகிறார்கள். இவ்வளவு வேட்டையாடினால் உடும்பு குறைய வேண்டும் அல்லவா? ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தபோது, வேட்டையும் எரிப்பும் தொடர்ந்து நடக்கும் இடங்களில்தான் உடும்பு அதிகமாக இருந்தது. காரணம் அந்தத் திட்டுகள்தான். புது வளர்ச்சியும் பழைய புதரும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் இரையும் கிடைக்கிறது, மறைவிடமும் கிடைக்கிறது. 1950களிலும் 60களிலும் மார்ட்டு மக்கள் பாலைவனத்தை விட்டு வெளியேறியபோது தீ நிற்கவில்லை, மின்னல் தீயாகப் பெருத்தது, சின்னப் பாலூட்டிகள் பல மறைந்துபோயின (இதில் வெளியிலிருந்து வந்த பூனைக்கும் நரிக்கும் பங்கு உண்டு).

வாய்வழிக் கதைகளைத் தவிர வேறு ஆதாரம் உண்டா?

உண்டு. தீ மரத்தைக் கொல்லாமல் சுட்டுவிட்டுப் போனால் தழும்பு நிற்கும்; வளையங்களை எண்ணினால் எந்த ஆண்டு எரிந்தது என்று தெரியும். ஏரியின் அடிச்சேற்றில் படிந்த கரியும் மகரந்தமும் ஆயிரக்கணக்கான ஆண்டுக் கணக்கைத் தரும். அமெரிக்காவின் மேற்குப் பகுதி பைன் காடுகளில் பல இடங்களில் தழும்பு வரிசையாக வந்துகொண்டே இருந்து, 19ஆம் நூற்றாண்டில் சட்டென்று நின்றுவிடுகிறது. பழங்குடிகள் துரத்தப்பட்டு, ஆடுமாடுகள் புகுந்து, பிறகு தீயணைப்பும் வந்த காலம் அது.

அப்புறம் ஏன் தடை செய்தார்கள்?

மரம் காசானதால். காலனி அரசின் கணக்கில் காடு என்றால் வெட்டி விற்கும் மரம், தீ என்றால் நஷ்டம், தீ வைப்பவர் குற்றவாளி. கலிஃபோர்னியா மாநிலமான அதே 1850இல், "இந்தியர்களின் பாதுகாப்புக்கு" என்று பெயர் வைத்துக் கொண்டுவந்த சட்டத்திலேயே புல்வெளிக்குத் தீ வைத்தால் தண்டனை என்று ஒரு பிரிவு இருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1878ஆம் ஆண்டு வனச் சட்டம் காப்புக் காட்டில் தீ வைப்பதைக் குற்றமாக்கியது. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26ஆம் பிரிவு இன்றும் அதையே சொல்கிறது.

அமெரிக்காவில் 1910 ஆகஸ்டில் இரண்டே நாளில் இடாஹோ, மொன்டானா பக்கம் சுமார் 30 லட்சம் ஏக்கர் எரிந்தது, 80க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் தீயணைக்கப் போனவர்கள். அந்த அதிர்ச்சியில் எல்லாத் தீயையும் அணைப்பது என்பது கிட்டத்தட்ட மத நம்பிக்கையாகிவிட்டது. 1935இல் வந்த விதி, எந்தத் தீயையும் கண்ட மறுநாள் காலை 10 மணிக்குள் கட்டுப்படுத்திவிட வேண்டும் என்றது.

எல்லா வன அதிகாரியும் ஒத்துக்கொண்டார்கள் என்றும் நினைக்க வேண்டாம். 1896லேயே ஸ்லேட் என்ற வன அதிகாரி 'இண்டியன் ஃபாரஸ்டர்' இதழில், பர்மாவில் தீயிலிருந்து அளவுக்கு மீறிக் காப்பதால் தேக்குக் கன்று வளராமல் போகிறது என்று எழுதினார். தேக்குக்காகத்தான் தீயைத் தடுத்தார்கள், தடுத்ததால் மூங்கிலும் மற்ற மரங்களும் மண்டி தேக்கை அமுக்கிவிட்டன. மலையில் புனம் எரித்துப் பயிர் செய்து வாழ்ந்தவர்களிடம் கேட்டிருந்தால் முன்னாலேயே சொல்லியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

இந்தியாவில் இப்போது பேசப்படும் உதாரணம் ஏதாவது?

கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன மலை. அங்கே வாழும் சோளகர்கள் வறட்சிக் காலத் தொடக்கத்தில் 'தரகு பெங்கி' என்று ஒன்று வைப்பார்கள், சருகுத் தீ என்று பொருள். ஜனவரி, பிப்ரவரி வாக்கில், சருகு மட்டும் எரியும் அளவுக்கு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு 1974இல் அந்த மலை சரணாலயமானது, தீயும் நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததில் இரண்டு செடிகள் முக்கியம். ஒன்று உண்ணிச்செடி (லன்டானா), வெளியிலிருந்து வந்து மண்டும் புதர். 1997இல் ஆய்வுத் திடல்களில் பாதிக்கும் குறைவானவற்றில் இருந்த அது, 2008இல் திரும்ப எண்ணியபோது ஐந்தில் நான்கு பங்குத் திடல்களில் இருந்தது. இன்னொன்று நெல்லி மரத்தைப் பிடிக்கும் புல்லுருவி. நெல்லிக்காய் சேகரிப்பு சோளகர்களின் வருமானம், புல்லுருவி பிடித்த மரம் காய்க்காமல் காய்ந்து சாகும். சருகுத் தீ இருந்தவரை இரண்டையும் அது அடக்கி வைத்திருந்தது, நிறுத்தியபின் இரண்டும் தலைக்கு மேல் போய்விட்டன என்பது சோளகர்களின் வாதம்.

விஞ்ஞானிகளிடையே இதில் எதிர்க்கருத்தும் இருந்தது. தீ வந்தால் உண்ணிச்செடி பரவும், உண்ணிச்செடி பரவினால் தீ பெரிதாகும், இது ஒரு சுழல் என்று ஒரு கருதுகோள். ஆனால் இந்த மலையில் தீ குறைந்த காலத்தில்தான் அந்தச் செடி பெருகியிருக்கிறது. இரண்டு தரப்பும் "தீ" என்ற ஒரே சொல்லால் வேறுவேறு தீயைச் சொல்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது; ஜனவரிச் சருகுத் தீயும் ஏப்ரல் தீயும் ஒன்றில்லை. ஆனால் ஒன்று, இன்றைக்கு ஆள் உயரத்துக்கு உண்ணி மண்டிக் கிடக்கும் காட்டில் பழைய வழக்கம் என்று சொல்லித் தீ வைத்தால் அது சருகுத் தீயாக நிற்காது. முதலில் செடியை வேரோடு எடுக்க வேண்டும். 2011இல் சோளகர்களுக்கு வன உரிமைச் சட்டத்தின்கீழ் சமூக உரிமைகள் கிடைத்தன, புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் அப்படிக் கிடைத்தது அதுவே முதல்முறை.

புனம் எரிப்பதும் இதுவும் ஒன்றா?

இல்லை. புனம் எரிப்பது விதைப்பதற்காக: மரத்தை வெட்டி, காயவிட்டு, எரித்து, சாம்பலில் பயிர் செய்து, சில ஆண்டில் விட்டுப் போவது. தினைப்புனம் என்று பழைய பாட்டுகளில் படித்தோமே, அந்த வகை. இங்கே பேசுவது நிற்கும் காட்டை நிற்க வைத்தே அடித்தரையை எரிப்பது.

எரித்தால் புகை, கார்பன். பூமி இன்னும் சூடாகாதா?

புல் எரியும்போது போகும் கார்பன் டை ஆக்சைடை அடுத்த மழைக்கு முளைக்கும் புல் திரும்ப இழுத்துக்கொள்ளும், அதனால் சவானாக் கணக்கில் அதைச் சேர்ப்பதில்லை. மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும்தான் கணக்கு. வறட்சிக் காலத் தொடக்கத்தில் வைக்கும் முன்பருவத் தீ குறைவாக எரிக்கிறது, நடுநடுவே விட்டுவிட்டு எரிக்கிறது, அதனால் ஆண்டு முழுசுக்கும் சேர்த்துப் பார்த்தால் வாயு குறைகிறது.

இதை வைத்தே 2006இல் வடக்கு ஆஸ்திரேலியாவின் மேற்கு ஆர்ன்ஹெம் நிலத்தில் ஓர் ஒப்பந்தம் வந்தது. சுமார் 28,000 சதுர கிலோமீட்டர் கற்பாறைப் பீடபூமி. டார்வின் நகரத்தின் இயற்கை எரிவாயு ஆலை ஒன்று, ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் அளவுக்கு வாயுவைக் குறைத்துத் தருவதற்காகப் பழங்குடிக் காவலர் குழுக்களுக்கு ஆண்டுக்கு சுமார் 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் தர ஒத்துக்கொண்டது, 17 ஆண்டுகளுக்கு. மக்கள் நகரங்களுக்கும் மிஷன் குடியிருப்புகளுக்கும் போய்விட்டதால் ஆளில்லாமல் கிடந்து, ஆண்டுதோறும் பருவக் கடைசியில் பெருந்தீயில் வெந்துகொண்டிருந்த நிலம் அது. காவலர்கள் நடந்தும் எரிக்கிறார்கள், ஹெலிகாப்டரிலிருந்தும் எரிக்கிறார்கள். எரிவாயு விற்கிறவன் காசில் கார்பனைக் குறைப்பது நெருடுகிறதா? எனக்கும் நெருடுகிறது. ஆனால் அந்தக் காசில்தான் குடும்பங்கள் சொந்த நிலத்துக்குத் திரும்பிப் போய் வேலை பார்க்க முடிந்தது.

அரசுத் துறைகளே திட்டமிட்டு எரிக்கிறார்களே, என்ன வித்தியாசம்?

துறைக்கு இலக்கு ஹெக்டேரில் இருக்கும். இந்த ஆண்டு இத்தனை எரித்தாக வேண்டும், வண்டி வந்துவிட்டது, ஆள் வந்துவிட்டார்கள், அனுமதித் தாளில் இன்றைய தேதி. நிலத்தோடு இருப்பவருக்கு அந்த அவசரம் இல்லை. இன்று ஈரம் சரியில்லை என்றால் அடுத்த வாரம் வருவார், இந்த ஓடைக்கரை வேண்டாம் என்றால் அதை விட்டுவிடுவார். எங்கே எரிக்கக் கூடாது என்பது இந்த அறிவில் பெரிய பகுதி, கையேடுகளில் சரியாக ஏறாத பகுதியும் அதுதான்.

2022இல் நியூ மெக்ஸிகோவில் நடந்ததைச் சொல்கிறேன். வனத்துறை வைத்த திட்டத் தீ ஒன்று ஏப்ரல் காற்றில் கை மீறியது. அதே துறை ஜனவரியில் குவித்து எரித்த கட்டைக் குவியல் ஒன்று, மேலே பனி பெய்தும் அணையாமல் உள்ளுக்குள் கங்காகவே இருந்து, ஏப்ரலில் எழுந்தது. இரண்டும் சேர்ந்து சுமார் 3.4 லட்சம் ஏக்கர், அந்த மாநில வரலாற்றிலேயே பெரிய தீ. பழங்குடி வழக்கத்தைக் குறை சொல்ல இதைக் காட்டுகிறவர்கள் உண்டு, அது பொருந்தாது. அதே சமயம் தீயை யார் வைத்தாலும் காற்றுக்கு அது தெரியாது.

பருவநிலையே மாறிவிட்டது. பழைய அறிவு இனி செல்லுமா?

தேதியை வைத்து நடக்கும் அறிவு என்றால் செல்லாது. இதில் பெரும்பகுதி அடையாளங்களை வைத்து நடப்பது: எந்தப் புல் சாய்ந்தது, எந்தப் பூ பூத்தது, காலையில் பனி இருக்கிறதா. நாள் மாறினால் அடையாளமும் சேர்ந்து மாறும். பிரச்சினை வேறு இடத்தில் வருகிறது. ஒன்று, பாதுகாப்பாக எரிக்கக் கிடைக்கும் நாட்கள் பல இடங்களில் குறைகின்றன. இரண்டு, வந்தேறிப் புற்கள். ஆப்பிரிக்காவிலிருந்து மேய்ச்சலுக்காக வடக்கு ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்த கம்பாப் புல் நாலு மீட்டர் உயரம் வளரும், உள்ளூர்ப் புல் எரிவதைவிடப் பல மடங்கு உக்கிரமாக எரியும். அதற்கு எந்த முப்பாட்டனும் வழி சொல்லி வைக்கவில்லை, இப்போது இருப்பவர்கள்தான் பார்த்துப் பார்த்துக் கற்கிறார்கள்.

பழங்குடிகள் செய்ததெல்லாம் சரி என்கிறீர்களா?

இல்லை. நியூசிலாந்தில் மாவோரிகளின் முன்னோர் 13ஆம் நூற்றாண்டில் வந்து இறங்கினார்கள். அடுத்த ஒன்றிரண்டு நூற்றாண்டுகளில் தென் தீவின் வறண்ட கிழக்குப் பகுதிக் காடுகள் பெரும்பாலும் எரிந்துபோயின. அந்தக் காட்டுக்குத் தீ பழக்கமில்லை, வந்தவர்களுக்கு அந்தக் காடு பழக்கமில்லை. ஆஸ்திரேலியாவில் 50,000 ஆண்டுகளுக்கு மேல் இருந்து கற்றதும், புது மண்ணில் முதல் தலைமுறை செய்ததும் ஒன்றாக இருக்க முடியாது. நீண்ட காலம் ஓரிடத்தில் இருந்து, தப்பு செய்தால் அதன் பலனையும் தானே அனுபவித்துச் சேர்த்த அறிவு இது, ரத்தத்தில் வருவதில்லை.

அப்படியானால் என் தோட்டத்து ஓரப் புதரை நானே எரிக்கலாமா?

கூடாது. இதைப் படித்துவிட்டு யாரும் தீப்பெட்டியை எடுக்க வேண்டாம்.

இப்போது சட்டம் மாறுகிறதா?

மெதுவாக. பிரேசில் 2024 ஜூலையில் கொண்டுவந்த தீ மேலாண்மைச் சட்டம் பழங்குடிகளின் மரபுவழித் தீப் பயன்பாட்டை ஏற்கிறது. கலிஃபோர்னியாவில் 2021இல் வந்த சட்டம், முறையாகச் செய்யப்படும் பண்பாட்டு எரிப்பு (பழங்குடி மரபுப்படி எரிப்பது) கை மீறினால் மிக மோசமான அலட்சியம் இருந்தாலொழிய அணைப்புச் செலவை எரித்தவர் தலையில் கட்டக் கூடாது என்றது. 2024இல் வந்த இன்னொன்று, அங்கீகரிக்கப்பட்ட பழங்குடி அரசுகள் மாநிலத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு ஒவ்வொரு முறையும் அனுமதி வாங்காமல் எரிக்க வழி செய்கிறது. இந்தியாவில் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டைக் காக்கும் உரிமையைக் கிராம சபைக்குத் தந்தது, ஆனால் 1927ஆம் ஆண்டு வனச் சட்டத்தின் 26ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது. உரிமை ஒரு கையில், கைவிலங்கு இன்னொரு கையில்.

ஒருமுறை விட்டுப்போன அறிவைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

ஆர்ன்ஹெம் நிலத்தில் நடந்தது இதற்குப் பாதிப் பதில். பர்தாயல் லாஃப்டி நட்ஜமெரெக், பாறை ஓவிய மரபில் வந்த பெயர்பெற்ற ஓவியர், 2009இல் இறந்தார். பீடபூமியில் மக்கள் நிறைந்திருந்த காலத்தில் பிறந்து வளர்ந்தவர், வயதான காலத்தில் அங்கேயே திரும்பிப் போய், இளையவர்களையும் விஞ்ஞானிகளையும் கூட்டிக்கொண்டு நடந்து, எங்கே எப்போது எரிப்பது என்று காட்டினார். அவர் இருந்ததால் அது முடிந்தது. கடைசியாகத் தெரிந்தவரும் போய்விட்ட இடங்களில், பக்கத்து இனத்தாரைக் கேட்டு, மரத்தின் தழும்பைப் படித்து, சின்னச் சின்னதாக எரித்துப் பார்த்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்.